நான்கு காமிராவும் ஒரு தெரிந்த முகமும்



ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கண்காணிப்புக் காமிரா போட வசூல் நடக்கிறது. இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, ஆக நான்கு. தெருவில் பாதி வீட்டில் எழுபது வயது தாண்டியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் டல்லாஸ், சிங்கப்பூர், பெங்களூரு. பணமும் அங்கிருந்துதான் முதலில் வந்தது. அனுப்பியவர்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன், "டீச்சர், இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியதுதானே? வரியும் கட்டிவிட்டு இதற்கும் நாமே கொடுக்கணுமா?" என்று கேட்டிருந்தான்.

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால் என் வழக்கப்படி ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஊர்க்காவலுக்குக் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரி வரும். ஊரைக் காவல் காப்பதற்காக வாங்கிய வரி அது. அதாவது காவலுக்கு ஒரு செலவு உண்டு, அதை ஊர்தான் சுமக்க வேண்டும் என்பது அன்றைக்கே தீர்மானமான விஷயம்.

பிற்காலத்தில் நம் தென்மாவட்டங்களிலும் காவிரிக் கரையிலும் காவல்காரர் முறை வந்தது. அறுவடையானதும் களத்தில் காவல்காரருக்கு ஒரு பங்கு நெல் அளக்க வேண்டும். அதற்கு மாற்றாக அவருக்கு ஒரு கடமை இருந்தது. ஊரில் மாடோ நகையோ களவு போனால் அவர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும். எனக்குத் தெரிந்து இவ்வளவு கறாரான ஒப்பந்தம் இன்றைக்கு எந்தக் காவல் அமைப்பிலும் கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காவல் கூலி கொடுக்காத வீட்டில்தான் திருட்டு நடக்கும்! போன மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்வதற்குத் 'துப்புக்கூலி' என்று தனியாகக் கொடுக்க வேண்டும். காப்பவரைக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்றால் காவல் எப்படி மாறும் என்பதற்கு இந்தத் துப்புக்கூலி ஒரு உதாரணம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை இது வரும்.

அடுத்து வெள்ளைக்காரர் காலம். 1816இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டு, ஊர் மணியக்காரரைக் கிராமப் போலீசுக்குத் தலைவர் ஆக்கினார்கள். அவருக்குக் கீழே தலையாரி. மேலே தாசில்தார், அவருக்கும் மேலே கலெக்டர். இதில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. வரி வசூலிக்கிற கையும் குற்றவாளியைப் பிடிக்கிற கையும் ஒரே கை. வரி பாக்கி வைத்த விவசாயியைத் திருடனை நடத்துவதுபோலவே நடத்தினார்கள். விரல்களை மரக்கட்டைக்கு நடுவே வைத்து நசுக்குவதற்குப் பெயர் கிட்டி. தலையைக் கால்வரை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவதற்குப் பெயர் அண்ணாந்தாள். இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஆங்கில எழுத்தில் அச்சாகி லண்டன் பார்லிமெண்டு வரை போயின. நம் மொழியிலிருந்து அங்கே போன சொற்களில் இவையும் உண்டு என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த அறிக்கை வந்த நான்கே ஆண்டில், 1859இல், சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறை ஆக்கினார்கள். சம்பளம், சீருடை, மாகாணம் முழுவதற்கும் ஒரு தலைவர் என்ற ஏற்பாடு அப்போதுதான் உறுதியானது. இன்றைக்கு நாம் பார்க்கும் காவல் நிலையத்தின் வேர் அதுதான். ஆகவே பிள்ளைகளே, நம் ஊர்ப் போலீஸ் துறை திருடனைப் பிடிக்க மட்டும் பிறந்ததல்ல. பிடிபட்டவனை அடிக்கக் கூடாது என்ற காரணமும் அதன் பிறப்பில் இருக்கிறது. இதைப் பாடப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

அதே அரசாங்கம் அடுத்துச் செய்தது நேர் எதிரான காரியம். 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் நம் மாகாணத்துக்கும் நீட்டித்தார்கள். ஒரு கூட்டத்தில் பிறந்தாலே குற்றவாளி. ரேகை பதிய வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும். இதை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் சீரமைப்பு என்ற பெயரில் அந்தப் பகுதிகளில் அரசாங்கமே பள்ளிக்கூடங்களைத் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் நம் காலம் வரை தொடர்ந்தன. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் போய்விட்டது, பள்ளிகள் நின்றன. அவற்றில் படித்து ஆசிரியரானவர்கள், அதிகாரியானவர்கள் ஏராளம். குற்றத்தைத் தடுக்க என்று அந்தக் காலத்தில் செலவு செய்த பணத்தில் எது வீண், எது பலன் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநில அரசின் பொறுப்பு என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். கிராமத்தில் மட்டும் பழைய முன்சீப், கர்ணம், தலையாரி அப்படியே இருந்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டத்தில் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பரம்பரை அதிகாரம் போனது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊரில் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லித் தெரிந்த ஒரு ஆள் அதோடு போனார். அந்த இடத்துக்குக் காவல்துறையிலிருந்து யாரும் வந்து உட்காரவில்லை. போலீஸ் என்றால் ஜீப்பில் வருகிறவர், கூப்பிட்டால்தான் வருகிறவர் என்றாகிவிட்டது.

இந்த இடைவெளியை முதலில் தொட்டவர் பிரதீப் வி. பிலிப் என்ற அதிகாரி. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்தவர் இவர். 1993இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது 'பிரெண்ட்ஸ் ஆப் போலீஸ்', அதாவது காவல்துறை நண்பர்கள் என்ற அமைப்பை ஆரம்பித்தார். பொதுமக்களில் விருப்பமுள்ளவர்கள் ரோந்துக்கும் கூட்ட ஒழுங்குக்கும் தகவல் சொல்லவும் உதவுவார்கள். சம்பளம் கிடையாது, போலீஸ் அதிகாரமும் கிடையாது. மாநிலம் முழுக்கப் பரவியது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1997இல்தான் திருச்சிக்குத் தனியாக மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் வந்தது. அந்த வருஷம் மோசமான வருஷம். டிசம்பர் 6 அன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஓடும் ரயில்களில் குண்டு வெடித்தது. அடுத்த பிப்ரவரி 14 அன்று கோவைத் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் இறந்தார்கள். பாலக்கரைப் பக்கம், பெரிய கடைவீதிப் பக்கம் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்த காலம். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடு என்று வீட்டில் சொல்வார்கள்.

அந்தச் சூழலில் 1999இல் ஆணையராக வந்தவர் ஜே.கே. திரிபாதி. அவர் புதிதாகத் துப்பாக்கியோ வண்டியோ கேட்டு எழுதவில்லை. இருந்த ஆட்களை வேறு மாதிரி வைத்தார். காவல்துறையில் எண்ணிக்கையில் அதிகம் சாதாரண காவலர்கள்தான். அதிகாரத்தில் குறைவும் அவர்கள்தான். மேலதிகாரி சொன்ன இடத்தில் நிற்பது, பந்தோபஸ்துக்குப் போவது, அவ்வளவே வேலை. திரிபாதி நகரத்தைச் சிறு சிறு பீட்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பீட்டுக்கும் குறிப்பிட்ட காவலர்களைப் பொறுப்பாக்கி, அவர்களுக்குப் 'பீட் ஆபீசர்' என்று பெயர் கொடுத்தார். அந்தத் தெருக்களுக்கு அவர்தான் போலீஸ். சின்னத் தகராறு, குடும்பச் சச்சரவு, சந்தேக நபர், எல்லாவற்றுக்கும் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும். அவரும் வாரா வாரம் தெருவில் நடந்து வீடு வீடாகப் பேச வேண்டும்.

இரண்டாவது, புகார்ப் பெட்டி. ஸ்டேஷன் படி ஏறப் பயப்படுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், பெயர் போடாமலேயே எழுதிப் போடலாம். மூன்றாவது, குடிசைப் பகுதிகளைத் தத்தெடுப்பது. கள்ளச்சாராயம் விற்கிறார்கள் என்று ரெய்டு மட்டும் போய்க்கொண்டிருந்த இடங்களுக்குப் போலீஸ் வேறு விதமாகப் போனது. தண்ணீர் வரவில்லையா, மாநகராட்சியிடம் பேசினார்கள். பையன் பள்ளிக்குப் போகவில்லையா, கொண்டுவந்து சேர்த்தார்கள். வேலை இல்லாத இளைஞர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்ற 1911இன் பார்வைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

எனக்கு நேரில் தெரிந்ததையும் சொல்கிறேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்த காவலர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். முதல் மாதம் அவர் வந்தால் வாசல் கதவு சாத்திக்கொள்ளும். வீட்டு வாசலில் போலீஸ் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்ற கூச்சம். மூன்றாவது மாதம் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் பெண் பிரசவத்துக்கு மதுரை போயிருக்கிறார், எந்தக் கொல்லைக் கதவு சரியாகத் தாழ்ப்பாள் விழாது, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளிடம் பேசினார். அதுவரை "சாப்பிடலைன்னா போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துருவேன்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அடுத்த வாரம் அவரைத் தெருவில் பார்த்து "குட்மார்னிங் சார்" என்று கத்தினார்கள். உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தீர்கள்.

இந்தத் திட்டம் வெளிநாடு வரை பேசப்பட்டது. காமன்வெல்த் நாடுகளின் பொது நிர்வாக அமைப்பு இதற்கு விருது கொடுத்தது. ஜப்பானில் 'கோபான்' என்ற சின்னத் தெருமுனைக் காவல் நிலையங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. அங்கே இருக்கும் காவலர் தன் பகுதி வீடுகளுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவது அவருடைய வேலையின் ஒரு பகுதி. கேரளத்தில் 2008இல் 'ஜனமைத்ரி' என்று இதே வழியில் ஆரம்பித்தார்கள். ஆக இது நடக்கக் கூடிய காரியம்தான் என்பதற்கு உலகத்தில் சாட்சி நிறைய.

திரிபாதி 2001இல் மாறுதலாகிப் போனார். இந்த மாதிரித் திட்டங்களுக்கு எல்லா ஊரிலும் உள்ள பலவீனம் அதுதான். ஒரு நல்ல அதிகாரியின் பெயரில் ஆரம்பிக்கிறது, அவர் போனால் அடுத்தவருடைய விருப்பத்தைப் பொறுத்தது. பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறினால் காலை வழிபாடு மாறலாம். நாலாம் வகுப்பே இல்லாமல் போகுமா? போகாது. ஏனென்றால் அதற்கு ஆசிரியர் பணியிடம் இருக்கிறது, சம்பளத் தலைப்பு இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது. தெருவில் நடக்கிற காவலருக்கும் அப்படி ஒரு நிரந்தர இடம் வேண்டும். கூட்டம், வி.ஐ.பி. பந்தோபஸ்து, வைகுண்ட ஏகாதசி, எது வந்தாலும் முதலில் பீட்டிலிருந்துதான் ஆளை எடுக்கிறார்கள் என்றால் பீட் என்பது வெறும் காகிதம்.

இனி கசப்பான பகுதி. 2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கு. சாத்தான்குளத்தில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தார்கள் என்று ஜெயராஜ் என்ற வியாபாரியையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன தெரியுமா? அந்த நிலையத்தில் காமிரா இருந்தது. பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் பதிவு ஒவ்வொரு நாளும் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னது காமிரா இல்லை; அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த அம்மாவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

அந்த ஜூன் மாதக் கடைசியில், சாத்தான்குளம் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. 1859இல் சித்திரவதை ஒழிய வேண்டும் என்று வருவாய்த் துறையின் கையிலிருந்து போலீசைப் பிடுங்கினார்கள். 161 ஆண்டு கழித்து, அதே காரணத்துக்காக ஒரு காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கையிலேயே கொடுக்க வேண்டி வந்தது. செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சம்பவத்தில் காவல்துறை நண்பர்கள் அமைப்பினர் மீதும் புகார் எழுந்தது. 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் திருச்சியில் பீட் ஆபீசர்களை உண்டாக்கிய அதே திரிபாதி. உதவிக்கு வந்த தொண்டர் கையில் லத்தி ஏறிவிட்டால், அவரும் துப்புக்கூலி காலத்துக் காவல்காரர்தான். கேள்வி கேட்க ஆள் இல்லாத காவல் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காமிராவுக்கு இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். அரசாங்கம் ஒன்றுமே கொடுப்பதில்லை என்று சொல்வது நியாயமில்லை. மாநிலப் போலீசை நவீனப்படுத்த மத்திய அரசு 1969 முதல் நிதி தருகிறது. 2022இல், 2021–26 ஆகிய ஐந்தாண்டுக்கு 26,275 கோடி ரூபாய் என்று ஒப்புதல் கொடுத்தார்கள். காஷ்மீர், வடகிழக்கு, மாவோயிஸ்ட் பகுதிகள் எல்லாம் சேர்த்த தொகை அது. பெண்கள் பாதுகாப்புக்கு 2013இல் 1,000 கோடியில் நிர்பயா நிதி ஆரம்பித்தார்கள். 2018இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாணவர் காவல் படைத் திட்டம் நாடு முழுவதும் வந்தது. ஆனால் பணம் என்றதும் எல்லோருக்கும் பொருள்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டி வாங்கலாம், காமிரா வாங்கலாம், திறப்பு விழா நடத்தலாம். ஒரு காவலர் வாரத்தில் மூன்று நாள் நம் தெருவில் நடந்து நாலு வீட்டில் பேசினார் என்பதற்கு யார் ரிப்பன் வெட்டப் போகிறார்கள்?

ஆகவே கேள்வி கேட்டவனுக்கு என் பதில் இது. ஆமாம், அரசாங்கம்தான் செய்ய வேண்டும். நாம் கட்டுகிற வரிக்கு முதலில் கேட்க வேண்டியது நம்மைத் தெரிந்த ஒரு காவலரை. காமிரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் பங்கையும் கொடுத்துவிட்டேன். சங்கிலி பறித்தவன் எந்த வண்டியில் போனான் என்று அது காட்டும். மேலவீட்டு மாமி மூன்று நாளாகக் கோலம் போடவில்லையே என்று அதற்குத் தோன்றாது.

தெருக் கூட்டத்தில் நான் சொன்ன நான்கையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

ஒன்று, நம் பகுதிக்குப் பொறுப்பான காவலர் யார் என்று நிலையத்தில் எழுதிக் கேட்டு, பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டி வைப்பது. பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட வருகிறவரை நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, பெயர் கேளுங்கள்.

இரண்டு, தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு நிலையத்தில் கொடுப்பது. ஊருக்குப் போனால் பூட்டிய வீடு என்று தகவல் சொல்வது.

மூன்று, புகார் கொடுத்தால் ரசீது கேட்பது. கைது செய்யத் தக்க குற்றம் என்றால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். போனில் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அழையுங்கள். இன்றைய திருடன் சுவர் ஏறிக் குதிப்பதில்லை.

நான்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு. காமிராவைக் கைபேசியில் திறந்து தெருவைப் பார்ப்பது போதாது. வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். "அம்மா எப்படி இருக்கா?" என்று அவர்களைக் கேளுங்கள். ஊர் என்பது அப்படித்தான் காவல் காக்கும்.

என் மாணவர்களில் மூன்று பேர் இன்று காக்கிச் சட்டையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வேலை நேரம், விடுப்பு, குடும்பம், எல்லாவற்றிலும் உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். நிமிர்ந்து பேசக்கூட முடியாத இடத்தில் சிலசமயம் நிற்கிறீர்கள். அப்போது அந்தப் பெண் தலைமைக் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் மேலதிகாரி இருந்தார், குழந்தைகள் இருந்தார்கள். இருந்தும் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

1999, 2000 வாக்கில் திருச்சியில் இருந்தவர்கள், உங்கள் தெருவுக்கு வந்த பீட் போலீஸ்காரர் நினைவில் இருந்தால் கீழே எழுதுங்கள். படித்துவிட்டுக் கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது, நாலு வரியாவது எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், தெரியும்தானே!

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்.